கரிகாலனின் விரதம்

வடக்குப்பட்டு
22.7.91

அன்புள்ள அண்ணனுக்கு,

இசைவாணி எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் தேவைக்கு மேலேயே நலம். ஓசூரில் நீ எப்படி இருக்கிறாய்? ஓசூர் என்கிறார்களே, மெஸ்ஸில் சாப்பாடாவது ஓசியா? மேலே பிள்ளையார் சுழி இல்லையே என்று தேடாதே. நாத்திகரான நம் அப்பா அண்ணாதுரை வீட்டிலிருந்து போகும் இன்லண்ட் லெட்டரில்கூடச் சாமிக்கு இடமில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் வீட்டில் வந்துவிட்டது.

மூன்று பேர்தான் நலம் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? நான்காவது ஆள் உன் நாய் கரிகாலன். ஆடி முதல் வெள்ளி மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பம்பை மேளம் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. கரிகாலன் என் பக்கத்தில் நின்றிருந்தான். முதலில் காது ஆடியது. பிறகு பின்னங்கால். பிறகு மூக்கிலிருந்து வால்வரை ஒரே நடுக்கம், கண் பாதி சொருகிவிட்டது. கூட்டமே கூழை மறந்து அவனைப் பார்த்தது. யாரோ ஒருவர், "சாமி வந்துட்ச்சி" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு முனிரத்தினம் மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யார் தாயி வந்துகீற? சொல்லு தாயி" என்று குனிந்தார். கரிகாலன் ஆண் நாயாயிற்றே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா நைட் ஷிப்ட்டில் இருந்ததால் தப்பித்தோம். அவருக்கு எதையும் எழுதிவிடாதே. எழுதினால் அடுத்த சாமியாட்டம் அவருடையது.

அம்மா உன்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அருமைத் தங்கை
இசை


ஓசூர்
31.7.91

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். மெஸ் சாம்பாரும் நலம்; பருப்பு மட்டும் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. இங்கே யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொல்வேன். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இப்போது பதிலுக்கு ஒரு கதை இருக்கிறது, எங்கள் வீட்டு நாய் சாமியாடும் என்று.

'யாரோ ஒருவர்' என்று நீ எழுதினால் அந்த ஒருவர் பத்தாவது படிக்கிறாள், இரட்டைச் சடை போடுவாள் என்பது எனக்குத் தெரியாதா? போன வருஷம் ஸ்கூல் வாசலில் 'இன்று விடுமுறை' என்று சிலேட்டை மாட்டியதும் யாரோ ஒருவர்தானே.

விளையாட்டு இருக்கட்டும். கரிகாலனை நான் குட்டியாகத் தூக்கிவந்து பத்து வருஷம் ஆகிறது. முன்னங்கால் ஒன்று கரியாக இருக்கிறது என்று அப்பா பெயர் வைத்த அன்று அவன் என் சட்டைப்பைக்குள் இருந்தான். வயசான நாய் நடுங்கினால் அது சாமி இல்லை, வியாதி. தண்ணீர் எப்படிக் குடிக்கிறான்? ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

அம்மாவுக்கு என் அன்பு. அப்பாவுக்கு வணக்கம்.

செந்தமிழன்


வடக்குப்பட்டு
9.8.91

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல், இத்யாதி. இடமில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கரிகாலன் பெரிய ஆளாகிவிட்டான். முனிரத்தினம் மாமாவின் மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போயிருந்தான் இல்லையா. மாமா இவன் முன்னால் வந்து கைகட்டி நின்று, "இன்னாபா, எம்புள்ளைய எடுத்துக்குவானா மாட்டானா? ஒரு முடிவு சொல்லு" என்றார். அப்போது பார்த்துக் கொசு கடித்தது. இவன் கரிக்காலைத் தூக்கி உதறினான். "தூக்கிட்டான்பா" என்று மாமா ஓடினார். நான்கு நாளில் ஆர்டர் வந்தது. முனிரத்தினம் வீட்டில் மூக்குத்தி போட்டவர், போடாதவர் எல்லோரும் வந்து விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து பென்னலூர் வரைக்கும் புகழ். அப்பா நைட் ஷிப்டுக்குக் கிளம்பியதும் ஆட்கள் வருகிறார்கள், அவர் வருவதற்குள் போய்விடுகிறார்கள். ஆட்டெலும்பு, அவித்த முட்டை, நேற்று ஒருவர் பிரியாணி. கோடித்தெரு ஞானம்மா அத்தை ஞாயிறு சாயங்காலப் பூசை முடிந்த கையோடு நெத்திலிக் கருவாடு வறுத்து எடுத்துவந்தார். "மாதாகிட்ட சொல்லிட்டேன். இதுகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வெக்கலாம்னு" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில்: தண்ணீர் அண்டா அண்டாவாகக் குடிக்கிறான். சாப்பிட்டதில் பாதியை வெளியே எடுத்துவிடுகிறான். நடுக்கம் இப்போது பம்பை இல்லாமலே வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறாள். சாமிக்கு ஊசி போட்டால் குற்றமாம். அம்மா கடுகு டப்பாவில் வல்லக்கோட்டை விபூதி ஒளித்து வைத்திருப்பது அப்பாவுக்கு மட்டும்தானே தெரியாது? அதை இப்போது நாய் நெற்றியில் பூசுகிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

இசை


(அஞ்சலட்டை)
ஓசூர்
14.8.91

இசை, நலம்.
இன்லண்ட் வாங்கப் போஸ்டாபீஸ் மூடிவிட்டது, அதனால் கார்டு. சாமியாடும் நாய்க்கு எலும்பும் கருவாடும் போடுவதை உடனே நிறுத்து. குறி சொல்வதையும் நிறுத்து. தண்ணீர் அதிகம், வாந்தி, நடுக்கம் மூன்றும் சேர்ந்தால் நல்லதில்லை என்று இங்கே நாய் வளர்க்கும் சூப்பர்வைசர் சொன்னார். கார்டு கிடைத்ததும் டாக்டரிடம் போ.
செந்தமிழன்


வடக்குப்பட்டு
24.8.91

அன்புள்ள அறிவாளி அண்ணனுக்கு,

கார்டு போட்டாயே கார்டு. தபால்காரர் படித்தார், டீக்கடையில் படித்தார்கள், கடைசியாக நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவின் கையில் கொடுத்தார்கள். அப்பா வாசலில் நின்று அதை மேடையில் தீர்மானம் வாசிப்பதுபோல் வாசித்தார்.

"சாமியாடும் நாய்க்கு... குறி சொல்வதை... யார் வூட்டு நாய்டி இது?"

அம்மா கடுகு டப்பாவை நகர்த்தினாள். நான் புத்தகத்தை நகர்த்தினேன். அப்பா கத்தப் போகிறார் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அவர் மறுபடி ஒருமுறை படித்தார். "வாந்தி எடுக்குதுன்னு கீது. இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றார். சட்டையைக்கூட மாற்றவில்லை. பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் சைக்கிள். அப்பா மிதிக்க, நான் கேரியரில், கரிகாலன் என் மடியில். வழியெல்லாம் எனக்கும் சேர்த்து நடுங்கினான்.

டாக்டர் புதிதாக வந்த அம்மா, அம்ருதவல்லி என்று பெயர். வாயை முகர்ந்து பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ரத்தம் எடுத்தார். மெட்ராசுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். அப்பா தூங்காமல் அப்படியே பஸ் ஏறினார், தன் டீ பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு அதற்குள் ரத்தச் சீசாவை வைத்துக்கொண்டு.

முடிவு வந்துவிட்டது. சிறுநீரகக் கோளாறு. ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதாம். "எங்கியாவது வயல்ல மேய்ஞ்சிருக்குமோ?" என்று அப்பா கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, கழிவு வெளியே போகாமல் உள்ளேயே தங்குவதாலும், சுண்ணாம்புச் சத்து குறைவதாலும்தான் உடம்பு நடுங்குகிறது என்றார். உடனே "வெத்தலைச் சுண்ணாம்பு தடவிடாதீங்க" என்றும் சொன்னார். நம்மை ஒரே பார்வையில் புரிந்துகொண்டுவிட்டார்.

இனிமேல் கறி, எலும்பு, கருவாடு தொடக்கூடாது. உப்பு கூடாது. குழைந்த சோறு, பூசணி, முட்டையின் வெள்ளை மட்டும், கொஞ்சம் நெய். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. தண்ணீர் எந்நேரமும் பக்கத்தில். சோற்றோடு மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஊசி. அதை அப்பா கற்றுக்கொண்டார். பேக்டரியில் கிரீஸ் கன் பிடிக்கிற கை, பூவை வைப்பதுபோல் ஊசியை வைக்கிறது. நடுக்கம் வந்தால் அமுக்கிப் பிடிக்கக்கூடாது, வாயில் எதையும் வைக்கக்கூடாது. சிமெண்டுத் தரை வழுக்குவதால் கோணி விரித்து, போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் கூட இருக்க வேண்டும். கூட்டம் ஆகவே ஆகாது.

கரிகாலனுக்குக் கறியே காலன் என்று நான் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. டாக்டரம்மா இன்னும் ஏதோ சொன்னார். பூசணிக்காய் இப்போது மலிவு, அதனால் கவலையில்லை.

இசை


ஓசூர்
1.9.91

அன்புள்ள இசைக்கு,

நலம். கார்டு போட்டது தப்புதான். ஆனால் தப்பு பண்ணியவன் ஓசூரில் இருந்தபோது ஊரில் இருந்தவர்கள் பண்ணியதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, பார்.

'டாக்டரம்மா இன்னும் ஏதோ சொன்னார்' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பூசணிக்காய்க்குத் தாவிவிட்டாய். அந்த ஏதோ என்ன?

தண்ணீர்க் கிண்ணத்தைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வை. குனிந்தால்தான் அவனுக்குக் கால் அதிகம் நடுங்கும். அது சூப்பர்வைசர் சொன்னது.

வருகிறவர்களை எப்படித் தடுக்கிறீர்கள்? அதை முதலில் எழுது. நம் வீட்டில் எத்தனை ஊசி போட்டாலும் வாசலில் ஒரு கருவாடு விழுந்தால் முடிந்தது.

இங்கே ஓ.டி. கேட்காமலே போட்டுவிடுகிறார்கள். லீவு கேட்டால் பொங்கலுக்கு என்கிறார்கள்.

அன்புடன்,
செந்தமிழன்


வடக்குப்பட்டு
9.9.91

அன்புள்ள அண்ணா,

நலம். செங்கல் வைத்தேன். நன்றாகக் குடிக்கிறான்.

வருகிறவர்களைத் தடுக்க அப்பா ஒரு காரியம் செய்தார். பலகையில் சுவர் எழுத்துப் பெயிண்டால் 'இங்கே சாமி இல்லை. நாய்தான் இருக்கிறது' என்று எழுதி வாசலில் மாட்டினார். விளைவைக் கேள். "அண்ணாதுரையே பயந்துகினு பலக மாட்டிட்டாரு, அப்ப எவ்ளோ பவர் பாரு" என்று கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. அப்பா வியாதியை விளக்கினார். "சாமி எந்த ரூபத்துல வேணாலும் வரும், வியாதி ரூபத்துல வராதா?" என்று முனிரத்தினம் மாமா திருப்பிக் கேட்டார். இருபது வருஷம் கூட்டம் போட்டுப் பேசிய மனுஷன், உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை விடிகாலையில் யாரோ சுவருக்கு மேலாகக் கருவாட்டுப் பொட்டலம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்ப்பதற்குள் தின்றுவிட்டான். அன்று பூராவும் நடுக்கம் நிற்கவில்லை. கோணியில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அண்ணா, அன்றைக்கு நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

'யாரோ ஒருவர்' ஆரம்பித்ததை அந்த ஒருவர்தான் முடிக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். வெள்ளிக்கிழமை கூட்டம் சேர்ந்தது. கரிகாலனுக்கு லேசாக நடுக்கம் ஆரம்பித்தது. நான் அவன் வாயருகே காதை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழுந்து, "விரதமாம்" என்றேன்.

"இன்னா விரதம்?"

"வல்லக்கோட்டை முருகனுக்குக் கார்த்திகை வரைக்கும். பெருமாளுக்கும் சேர்த்து, புரட்டாசிய இப்பவே ஆரம்பிச்சிட்டாராம். கவிச்சி காட்டக்கூடாதாம். காட்டினா வேண்டுதல் பலிக்காதாம்."

"எலும்பு?"

"எலும்பும் கவிச்சிதான். முட்டையில மஞ்சக்கருவும் ஆகாதாம். பம்பை, மேளம், சத்தம் எதுவும் கூடாதாம். கிட்ட வரக்கூடாதாம், தூர நின்னு மனசுல நினைச்சா போதுமாம். குடுக்கணும்னா பூசணிக்கா, பச்சரிசி, கோணிப்பை."

"கோணி எதுக்குமா சாமிக்கு?" என்றார் ஞானம்மா அத்தை.

"தவத்துக்கு" என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன், அப்பா கதவருகே நிற்கிறார். ஷிப்ட் சட்டை போட்டு, டீ பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு. எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும், எல்லாம் போய்விடும். விரதமும் போய்விடும். மறுபடி கருவாடு வரும்.

அப்பா படியிறங்கி வந்தார். கரிகாலனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"உப்பும் கூடாதுன்னு சொல்லுச்சு" என்றார்.

நான் அதைச் சொல்ல மறந்தே போயிருந்தேன் அண்ணா.

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். முனிரத்தினம் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

இசை


வடக்குப்பட்டு
15.9.91

அன்புள்ள மகன் செந்தமிழனுக்கு,

நலம். உன் நலம் அறிய விழைகிறேன்.

உன் தங்கை ஏதேனும் எழுதியிருப்பாள். நம் கொள்கையில் எவ்வித மாற்றமும் இல்லை. நாய்க்கு உப்பு ஆகாது என்பது மருத்துவர் கூற்று. அதைத்தான் நான் எடுத்துரைத்தேன். யார் கூறியதாக மக்கள் எண்ணிக்கொண்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பல்லன்.

நேற்று வரை பதினொரு பூசணிக்காய்கள் வந்துள்ளன. தூக்கிப்போட மனமின்றி நாங்களும் அதையே உண்கிறோம். உன் அம்மா நாய்க்கும் நமக்கும் தனித்தனிச் சட்டியில் சமைக்கிறாள். உப்புப் போட்டது நம்முடையது என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருமுறை மாறிவிட்டது. நான் தின்றுவிட்டேன்.

ஒன்றை உனக்கு மட்டும் எழுதுகிறேன். இந்நோய் குணமாகாது, சமாளிக்கத்தான் முடியும் என்று மருத்துவர் கூறினார். பொங்கல்வரை உறுதி சொல்ல இயலாது என்றார். இசை அப்போது நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

உடல்நலம் பேணவும்.

அன்புடன்,
அ. அண்ணாதுரை


ஓசூர்
28.9.91

அன்புள்ள இசைக்கு,

நலம். உன் கடிதத்தை மெஸ்ஸில் சத்தமாகப் படித்தேன். 'உப்பும் கூடாதுன்னு சொல்லுச்சு' என்ற இடத்தில் மெஸ்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள், படித்தேன்.

அப்பாவும் எழுதியிருந்தார். பூசணிக்காய் பற்றி.

ஒரு விஷயம். தீபாவளி வருகிறது. நம் வீட்டில் கிடையாது, ஆனால் தெரு முழுக்க உண்டு. போன வருஷம் நல்ல உடம்போடு இருந்தபோதே இவன் கட்டிலுக்கு அடியில் போய் இரண்டு நாள் வரவில்லை. இப்போது அணுகுண்டு ஒன்று வெடித்தால் என்ன ஆகும் என்று டாக்டரம்மாவைக் கேட்டுவை. நான் வரமுடியுமா என்று பார்த்தேன். தீபாவளிக்குத் தமிழ்நாடு முழுவதும் லீவு, எங்கள் லைனுக்கு மட்டும் ஓ.டி.

இரவில் அவனைத் தனியே விடாதே. வேறொன்றும் இல்லை, சும்மாதான் சொல்கிறேன்.

செந்தமிழன்


(அஞ்சலட்டை)
ஓசூர்
11.11.91

இசை,
இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நல்லதோ கெட்டதோ எழுது. டீக்கடையில் படித்தாலும் பரவாயில்லை.
செந்தமிழன்


வடக்குப்பட்டு
15.11.91

அன்புள்ள அண்ணா,

இங்கே அனைவரும் நலம். இந்தத் தடவை நான்கு பேரையும் சேர்த்து எழுதுகிறேன், எண்ணிக்கொள்.

பதில் போடாததற்குக் காரணம், இரண்டாவது தடவை எடுத்த ரத்தத்தின் முடிவு மெட்ராசிலிருந்து வரட்டும் என்று அப்பா சொன்னதுதான். 'தெரியாம எதையும் எழுதாத' என்றார். நான் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன் கார்டை டீக்கடையில் படித்துவிட்டு எனக்கு முன்னால் அவர்களே பதில் போடக் கிளம்பினார்கள்.

தீபாவளியைச் சொல்கிறேன். சத்தம் கேட்டால் நடுக்கம் அதிகமாகும், வலிப்புகூட வரலாம் என்றார் டாக்டரம்மா. முனிரத்தினம் மாமா மகன் முதல் சம்பளத்தில் பெட்டி நிறையப் பட்டாசு வாங்கி வைத்திருந்தான். நான் மறுபடி கரிகாலன் காதில் பேசலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. பண்டிகை வருஷத்துக்கு ஒன்று. ஒரு நாய்க்காகக் குழந்தைகளிடம் இருந்து பிடுங்குவதா? அறையில் ஜன்னலை அடைத்து, கோணி தொங்கவிட்டு, நானும் அம்மாவும் அவனோடு படுத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது.

விடிகாலையில் எழுந்தேன். ஒரு சத்தமும் இல்லை. நாள் மாறி எழுந்துவிட்டேனோ என்று சந்தேகம். வெளியே வந்தால் தெருவே வாசலில் இருக்கிறது, தலையில் எண்ணெய், புதுச்சட்டை. பிள்ளைகள் கம்பி மத்தாப்பு கொளுத்துகிறார்கள், புஸ்வாணம் விடுகிறார்கள், எல்லாம் ஊமைப் பட்டாசு. ஒரு சின்னப் பையன் ஊசிவெடியை எடுத்தான். ஞானம்மா அத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினார். "விரதத்துல கீறாருடா. ஏரிக்கரைக்குப் போய் வெடி." வெடிக்க ஆசைப்பட்டவர்கள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை அண்ணா, சத்தியமாக. கரிகாலன் பத்து மணிவரை தூங்கினான்.

அப்பா வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். "இருவது வருஷமா வெடிக்காதீங்க வெடிக்காதீங்கன்னு கத்தினேன்" என்றார். முனிரத்தினம் மாமா தட்டில் அதிரசம் வைத்துக் கொடுத்தார். "நீங்க சொன்னது எங்களுக்குப் புரியலண்ணே. அது சொன்னது புரிஞ்சிட்ச்சி." அப்பா அதிரசத்தைக் கடித்தபடி, "அது எதுவும் சொல்லலப்பா" என்றார். "அதான்" என்றார் மாமா. அன்று அப்பா மூன்று அதிரசம் சாப்பிட்டார்.

இப்போது முக்கியமானது. ஆகஸ்டில் டாக்டரம்மா இன்னும் ஏதோ சொன்னார் என்று எழுதினேன் இல்லையா. நான் வெளியேதான் நின்றிருந்தேன், ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. பொங்கல் நிச்சயமில்லை என்று கேட்டது. அப்பாவுக்கு நான் கேட்டது தெரியாது, தெரிய வேண்டாம் என்று உனக்கு எழுதவில்லை. நீயும் ஏதோ தெரிந்துகொண்டுதான் 'சும்மாதான் சொல்கிறேன்' என்று எழுதினாய் என்று எனக்குப் பட்டது. நம் வீட்டில் எல்லோரும் பொல்லாத ஆட்கள்.

நேற்று மூவரும் சைக்கிளில் போனோம். யூரியா இறங்கியிருக்கிறது. முழுக்க இல்லை, ஆனால் நன்றாகவே. எடை கூடியிருக்கிறது. நடுக்கம் வாரத்தில் ஒருநாள், அதுவும் லேசாக. "இன்னா குடுக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஊரே சேர்ந்து பூசணிக்கா குடுக்குது" என்றார் அப்பா. "இது போகாது, ஆனா இப்படியே பார்த்துகினா வண்டி ஓடும்" என்றார் அவர். அப்பா மெதுவாக, "அடுத்து எப்ப கூட்டியாரட்டும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மேஜையைப் பார்த்தார். நான் கரிகாலனின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா காலண்டரைப் புரட்டி, "பொங்கலப்ப வேணாம், மாட்டுக்கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். அது முடிஞ்சு, ஜனவரி கடைசியில வாங்க" என்று சீட்டில் எழுதினார்.

வெளியே வந்து அப்பா டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினார். வழியில் எங்கும் நிற்காத மனுஷன். "மூணு டீ" என்றார். கடைக்காரர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணாவது யாருக்குண்ணே?" என்று கேட்டார். அப்பா கரிகாலனைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், காதுவரை சிவந்துபோய், "சொல்லிட்டேன், போடு" என்றார்.

அதை நான் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

பொங்கலுக்கு வா.

அன்புடன்,
இசை